நடுக்குவாதம்: ஒரு மருந்தின் வரலாறும் ஓர் அச்சத்தின் வரலாறும்

அரபு மொழியில் ‘ரஃஷா’ என்றொரு சொல் உண்டு. நடுக்கம் என்பது அதன் பொருள். குளிரில் உடல் நடுங்குவதற்கும், அச்சத்தில் கை நடுங்குவதற்கும், முதியவர் கையில் தேநீர்க் கோப்பை தளும்புவதற்கும் அச்சொல்லையே ஆள்வர். அதே வேரிலிருந்து பிறந்ததுதான் இன்றைய அரபு மருத்துவர்கள் வழங்கும் ‘அஷ்ஷலலுர் ரஆஷ்’ என்னும் தொடர். நடுங்கும் வாதம் என்று அதனைத் தமிழாக்கலாம். தமிழில் நடுக்குவாதம் என்றும் உதறுவாதம் என்றும் சொல்லப்படுவது இந்நோயே. மருத்துவர் சீட்டில் பார்க்கின்சன் என்று எழுதப்படுவதும் இதுவே.

இந்நோயின் மருந்து வரலாற்றை நாம் தேடிப் படிக்க நேர்ந்தது மருத்துவ ஆர்வத்தால் அன்று. நமக்கு நஹ்வு இலக்கணம் போதித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவரின் கையெழுத்தே அதற்குக் காரணம். அவர் எழுதும் நஸ்கு எழுத்து அச்சுக்கோத்தது போலிருக்கும். 1997இல் அந்த எழுத்து சிறுக்கத் தொடங்கிற்று. வலப்புறம் வரியின் தொடக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ‘அலிஃப்’, இடப்புறம் வரி முடிவதற்குள் எறும்பளவாகிவிடும். கேட்டபோது, “வயசாகிறதல்லவா, தம்பி” என்றார். அப்போது அவருக்கு 56 வயதுதான். பின்னர் வலக்கை நடுங்கிற்று. ஸுஜூதிலிருந்து எழுவது பெரும்பாடாயிற்று. சிரித்த முகம் சிரிப்பை மறந்து சிலை போலாயிற்று. கண்ணேறு என்றார் ஒருவர். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. கையில் கயிறும் கட்டப்பட்டது. 1998 இறுதியில்தான் நகரத்து மருத்துவர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார். சொன்னவர் கூடவே ஒன்றையும் சொல்லி அனுப்பினார். “இதற்கு லெவோடோபா என்று நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் அது சில ஆண்டுகளே வேலை செய்யும். இப்போதே தொடங்கி அதைத் தீர்த்துவிட வேண்டாம். முடிந்தவரை தள்ளிப் போடுங்கள்.”

“வாளை உறையிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள், தம்பி” என்றார் ஹஜ்ரத். நான்கு ஆண்டுகள் அந்த வாள் உறையிலேயே கிடந்தது. அந்த நான்கு ஆண்டுகளால் அவருக்குக் கிட்டியது என்ன என்னும் வினாவே நம்மை இவ்வரலாற்றுக்குள் இட்டுச் சென்றது.

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலில் நரம்பு நோய்களைப் பேசுமிடத்தில் ரஃஷாவுக்குத் தனியே ஒரு பகுதி ஒதுக்கியுள்ளார். உறுப்பை அசைக்கும் ஆற்றல் தன் பணியைத் தொடர்ச்சியாகச் செய்ய இயலாது தளர்கையில், உறுப்பின் பாரம் அதனைக் கீழே இழுக்க, நாம் விரும்பி அசைக்கும் அசைவும் விரும்பாது நிகழும் அசைவும் கலந்துவிடுகின்றன. அதுவே நடுக்கம் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். மூளையை அறுத்துப் பார்க்காத காலத்தில் இவ்வளவு தூரம் சிந்தித்தது வியப்புக்குரியது. எனினும் நம்மவரில் சிலர் மேடையேறி, “பார்க்கின்சன் நோயை இப்னு ஸீனா அன்றே கண்டுபிடித்துவிட்டார்” என்று முழங்குவதை நாம் ஒப்புவதற்கில்லை. அவர் பேசியது எல்லா நடுக்கங்களையும். அவற்றுள் ஒன்றைத் தனி நோயெனப் பிரித்தறிய இன்னும் எட்டு நூற்றாண்டுகள் கழியவேண்டியிருந்தது. பெரியோரை உள்ளவாறு போற்றுவதே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

அவ்வாறு பிரித்தறிந்தவர் இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஆறே ஆறு நோயாளரைப் பற்றியது. அவருள் சிலரை அவர் தெருவில் நடக்கக் கண்டு விசாரித்தவர். ஓய்விலிருக்கையில் நடுங்கும் கை, முன்னோக்கிக் கூனும் உடல், நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றை அவர் துல்லியமாக எழுதினார். மருந்தென்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. கழுத்தின் மேற்பகுதியில் இரத்தம் எடுக்கலாம், கொப்புளம் எழுப்பலாம் என்றதோடு நின்றுவிட்டார். 1824இல் அவர் மறைந்தபோது அந்நூலைப் பேசுவார் அதிகம் இல்லை. பாரிஸ் நகரின் ஸால்பேத்ரியேர் மருத்துவமனையிலிருந்த ஷார்க்கோ என்னும் பேராசிரியரே பின்னாளில் அதனைத் தேடியெடுத்து, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையும் சூட்டினார்.

ஷார்க்கோ கொடுத்த மருந்துதான் நமக்கு வேறொரு வாயிலைத் திறக்கிறது. குரோசாணி ஓமம் என்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் ஒரு விதையைத் தருவார்கள். குராஸான் நாட்டின் பெயரையே அது சுமந்திருக்கிறது. அரபு நூல்களில் ‘பன்ஜ்’ என வருவதும் இவ்வினச் செடியே. மயக்கம் தரும் பொருளென அதன் பெயர் ஃபிக்ஹு நூல்களிலும் அடிபடும். இச்செடியிலிருந்து வடித்த சத்தையே ஷார்க்கோ தம் நோயாளர்க்குக் கொடுத்தார். நடுக்கமும் வாயில் எச்சில் வடிதலும் ஓரளவு தணிந்தன. ஏன் தணிந்தன என்பது அவருக்கும் தெரியாது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் இதுவும் இதன் உறவுச் செடிகளுமே மருந்தாக நின்றன. 1949இல் அதே வகையில் வேதிக்கூடத்தில் செய்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்னும் மாத்திரை வந்தது. அது இன்றும் வழக்கில் உள்ளது.

நம் ஹஜ்ரத்துக்கு முதலில் கொடுக்கப்பட்டதும் இம்மாத்திரையே. கை நடுக்கம் சற்றே குறைந்தது. நாவோ வறண்டு ஒட்டிக்கொண்டது, சிறுநீர் தடைப்பட்டது. சிறுவயது முதல் நெஞ்சில் சுமந்த ஸூராவொன்றில் ஒருநாள் இடைநின்று, அடுத்த ஆயத் வராமல் திகைத்துப் பின்னால் நின்றவர் எடுத்துக் கொடுக்கும்படி ஆயிற்று. அன்றிரவு அவர் உண்ணவில்லை. நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் அசிட்டில்கோலின் என்னும் பொருளை அடக்கியே இவ்வகை மருந்து வேலை செய்கிறது. ஆதலால் முதியோரின் நினைவைக் குழப்பும். வயதானவர்க்கு இதனைத் தவிர்ப்பதே இன்றைய மருத்துவர் வழக்கம். இதை நாம் அறிந்தது வெகுகாலம் கழித்து.

இனி உண்மையான மருந்து வந்த கதைக்கு வருவோம். அது நேர்வழியில் வரவில்லை. நம் நாட்டு வேரொன்றைச் சுற்றிக்கொண்டு வந்தது.

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை வெறி பிடித்தோர்க்கும் உறக்கமற்றோர்க்கும் கொடுப்பது வட இந்திய வழக்கம். யூனானி ஹகீம்கள் அதனை அஸ்ரோல் என்பர். தில்லியில் ஆயுர்வேத யூனானி திப்பிய்யாக் கல்லூரியை நிறுவிய ஹகீம் அஜ்மல் கான் அவர்கள், நம் மூலிகைகளை இக்கால வேதியியல் முறையில் ஆராயவேண்டுமென்று விரும்பினார். அதற்கென அவர் தேர்ந்தெடுத்தவர் ஜெர்மனியில் பயின்று வந்த இளைஞர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ. 1927 இறுதியில் ஹகீம் சாகிப் மறைந்துவிட்டார். 1931இல் ஸித்தீக்கீ அவ்வேரிலிருந்து பல சத்துக்களைப் பிரித்தெடுத்தபோது, அவற்றுள் ஒன்றுக்கு ‘அஜ்மலின்’ எனத் தம்மை ஆளாக்கியவரின் பெயரைச் சூட்டினார். இதய மருத்துவத்தில் இன்றும் அப்பெயர் நிலைத்திருக்கிறது.

அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரெசர்பின் என்னும் மற்றொரு சத்தைப் பிரித்தனர். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உலகெங்கும் அது வழங்கப்பட்டது. அப்போது ஒரு விந்தை நேர்ந்தது. ரெசர்பின் உண்டவருட் சிலர் நடை தளர்ந்து, உடல் விறைத்து, கை நடுங்கி, பார்க்கின்சன் நோயாளர் போலவே ஆயினர். மருந்தை நிறுத்தினால் தேறினர். ஒரு மருந்து ஒரு நோயின் வடிவத்தை அப்படியே கொண்டுவருமாயின், அம்மருந்து உடலில் எதைக் கெடுக்கிறதோ அதுவே நோயின் வேராகவும் இருக்கலாம் அல்லவா?

ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்ஸன் இதனை முயல்களிடம் சோதித்தார். ரெசர்பின் ஏற்றிய முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. டோபா என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. இது 1957இல். டோபா உடலுள் சென்று டோபமினாக மாறுகிறது. மூளையில் டோபமின் ஒழிந்ததே அசைவின்மைக்குக் காரணம் என்று அவர் முடிவு கட்டினார். 1960இல் இலண்டனில் கூடிய அறிஞர் அவையில் பெரியவர்கள் பலர் அதனை ஏற்கத் தயங்கினர். 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1960இல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச் என்னும் இளைஞர், தம் துணைவர் எரிங்கருடன், பார்க்கின்சன் நோயால் இறந்தோர் ஆறு பேரின் மூளையை ஆராய்ந்து வெளியிட்டார். நலமாயிருந்து இறந்தவரின் மூளைச் சாற்றில் அயோடின் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அது டோபமின் இருப்பதற்கு அடையாளம். நோயாளர் மூளையிலோ நிறமே தோன்றவில்லை. சிவப்பு இல்லாத அந்தக் குப்பியைத் தம் வெறுங்கண்ணால் கண்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நடுமூளையில் கரிய நிறத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. அரபு மருத்துவர் ‘அல்மாத்ததுஸ் ஸவ்தா’ என்பர். இந்நோயில் அக்கரும்பகுதியின் நரம்பணுக்கள் அழிவதை 1919இலேயே ட்ரெட்டியாகோஃப் என்பவர் பாரிஸில் எழுதியிருந்தார். டோபமினைச் சுரந்து அனுப்புவது அப்பகுதியே என்பது இப்போது விளங்கிற்று. நோபல் பரிசில் ஹோர்னிகீவிச்சின் பெயர் விடுபட்டதை எதிர்த்து 200க்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் கையொப்பமிட்டு எழுதினர். அது அவருக்கு ஆறுதலாயிருந்ததோ என்னவோ!

டோபமின் குறைந்ததென்றால் டோபமினையே கொடுத்துவிடலாமே எனத் தோன்றும். ஆனால் குருதியிலிருந்து மூளைக்குச் செல்லும் வாயிலில் இறுக்கமான காவல் உண்டு. டோபமினை அது உள்ளே விடாது. டோபமினாக மாறுவதற்கு முந்தைய நிலையிலுள்ள லெவோடோபாவை மட்டும் விடும். நல்வாய்ப்பாக அந்த லெவோடோபா நெடுங்காலமாகவே அறிஞர் கையில் இருந்தது; எதற்கென்றுதான் எவருக்கும் தெரியாதிருந்தது.

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம் அன்பர்கள் ‘ஃபூல்’ என்னும் பயறைக் காலையில் குப்ஸுடன் உண்டிருப்பர். எகிப்தியரின் அன்றாட உணவு அது. அவ்வினத்துப் பயற்றுச் செடியிலிருந்தே 1913இல் பாசல் நகரத்து வேதியியலார் மார்க்கஸ் குகன்ஹைம் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். தாமே 2.5 கிராம் உண்டு பார்த்துக் கடுமையாக வாந்தியெடுத்தார். ஆகவே இதனால் பயனொன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டனர். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் நம் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்து வெளியிட்டனர். தொட்டால் தினவெடுக்கும் அந்தக் கொடியின் விதை ஆயுர்வேதத்தில் வாத நோய்களுக்கு ஆளப்பட்டுவந்த ஒன்று. சென்னையில் அப்பொருள் கைக்கு வந்தபோது, நடுக்குவாதத்துக்கும் அதற்கும் உறவுண்டென்று உலகில் ஒருவர்க்கும் தெரியாது. இன்னும் இருபது ஆண்டுகள் முயல்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1961 ஜூலையில் வியன்னாவின் லைன்ஸ் மருத்துவ இல்லத்தில் வால்ட்டர் பிர்க்மாயர், ஹோர்னிகீவிச் கொடுத்த லெவோடோபாவை முதன்முதலில் நோயாளர்க்கு நாளத்தின் வழியே செலுத்தினார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர் எழுந்து உட்கார்ந்தனர். நிற்க முடியாதவர் நடந்தனர். சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு மீண்டனர். வாய்வழி கொடுத்தாலோ குகன்ஹைம் பட்ட பாடுதான், குமட்டல். பலர் முயன்று கைவிட்டனர். கிரேத்தத் தீவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் கோட்சியாஸ்தான் வழி கண்டார். சிறிதளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டினால் உடல் பழகிக்கொள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. 1967இல் 16 நோயாளரிடம் அவர் பெற்ற வெற்றி வெளியாயிற்று. நாளொன்றுக்கு 16 கிராம் வரை கொடுத்திருக்கிறார்! இக்கால மாத்திரையொன்றில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் லெவோடோபாவே உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வளவின் பெருக்கம் புலப்படும். 1970இல் அமெரிக்க அரசு மருந்துக்கு இசைவளித்தது. 1975இல் கார்பிடோபா என்னும் துணைமருந்து சேர்ந்த மாத்திரை அந்நாட்டில் வந்தது. மூளைக்கு வெளியே லெவோடோபா வீணே டோபமினாக மாறுவதை அது தடுக்கும். அதனால் தேவைப்படும் அளவு ஏறக்குறைய காற்பங்காகக் குறைந்தது, குமட்டலும் அடங்கிற்று. வாந்தியில்லாதது என்னும் பொருள்பட இலத்தீனில் அம்மாத்திரைக்கு ஸினமெட் எனப் பெயர் வைத்தனர். சொல்லாராய்ச்சியில் பற்றுள்ள நமக்கு இப்பெயர் இன்பமூட்டியது.

அச்சம் பிறந்த இடமும் இதுவே.

மருந்து தொடங்கிய சில ஆண்டுகள் நோயாளர் மறுபிறவி எடுத்தாற்போல் இருந்தனர். பின்னர் ஒரு வேளை மாத்திரையின் பயன் ஆறு மணி நேரம் நின்றது நான்காயிற்று; பின் மூன்றாயிற்று. இடைவேளையில் உடல் பூட்டிக்கொள்ளும். மருந்து உச்சத்திலிருக்கும் வேளையில் தலையும் தோளும் தாமாக வளைந்து நெளியும். அமெரிக்காவின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவமனையில் நெடுங்காலம் கல்லாய்ச் சமைந்திருந்தோர் 1969இல் இம்மருந்தால் விழித்தெழுந்ததையும், பின்னர் அவர்கள் பட்ட அல்லலையும் ஆலிவர் சாக்ஸ் 1973இல் நூலாக எழுத, உலகமே அறிந்தது. ஆய்வுக்கூடக் குப்பிகளில் வளர்த்த நரம்பணுக்களின்மீது லெவோடோபாவை ஊற்றியபோது அவை மடிந்ததாகவும் செய்தி வந்தது. ஆகவே, மருந்தே நரம்பைக் கொல்கிறது. அல்லது மருந்துக்கு ஒரு கால எல்லை உண்டு, தொடங்கிய நாளிலிருந்து அது தேய்கிறது என்னும் கருத்து மருத்துவரிடையே பரவிற்று. இதற்கிடையே டோபமினைப் போல நடிக்கும் வேறு மருந்துகளும் வந்தன. 1974இல் புரோமோகிரிப்டின், 1997இல் பிராமிபெக்ஸோலும் ரோபினிரோலும். இவற்றை முன்னே கொடுத்து லெவோடோபாவைப் பின்னுக்குத் தள்ளுவது வழக்கமாயிற்று. 2000இல் வந்த ஐந்தாண்டு ஆய்வொன்றில், ரோபினிரோலுடன் தொடங்கியவருள் 20 விழுக்காட்டினர்க்கும், லெவோடோபாவுடன் தொடங்கியவருள் 45 விழுக்காட்டினர்க்கும் அந்த நெளிவு வந்தது. அச்சத்துக்கு இது அரணாயிற்று. நம் ஹஜ்ரத்திடம் பேசிய மருத்துவர் தம் காலத்து அறிவையே பேசினார். அவர்மீது நமக்குக் குறையில்லை.

ஆனால் அந்த நடிப்பு மருந்துகளுக்கும் விலையுண்டு. பகலில் திடீரெனத் தூக்கம் வரும். இல்லாத உருவங்கள் தோன்றும். அதுவரை சீட்டுக்கட்டையே தொடாதவர் சூதாட்டத்தில் பொருளிழந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. அத்தகையவரை ஒழுக்கங்கெட்டவரென ஊரார் தூற்றுமுன், மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது அறிவுடைமை. பெர்கோலைடு என்னும் மருந்து இதய வால்வைக் கெடுத்ததால் 2007இல் அமெரிக்கக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. டோபமின் சிதைவதைத் தடுக்கும் செலிஜிலின், ரசாஜிலின் போன்றவையும், லெவோடோபாவின் பயனை நீட்டிக்கும் என்டகபோனும் துணை மருந்துகள். அமன்டடின் வந்த கதை சுவையானது. 1968இல் 58 வயதுப் பெண்மணியொருவர் சளிக்காய்ச்சலுக்கென அதனை உண்டபோது தம் நடுக்கமும் விறைப்பும் குறைந்ததைத் தாமே கண்டு சொன்னார். நோயாளி வாய்திறந்து சொன்னதை மருத்துவர் காது கொடுத்துக் கேட்டதால் மருந்தொன்று கிடைத்தது. இன்று அம்மருந்து பெரிதும் அந்த நெளிவைத் தணிக்கவே பயன்படுகிறது. மூளையில் மின்கம்பி பதிக்கும் அறுவை முறையும் உண்டு. அது மருந்தன்று, ஆதலின் நம் பேச்சுக்குப் புறம்பு.

லெவோடோபாவைப் பற்றிய அச்சம் மெய்தானா என்பதைச் சோதித்தது வறுமை எனலாம்.  ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலோ மருந்து வாங்க வழியின்றியே பலர் பல்லாண்டு நோயோடு கிடந்தனர். அவருள் 91 பேரை இத்தாலி நாட்டு நோயாளரோடு ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கானாவினர் நோய் தோன்றிச் சராசரி 4.2 ஆண்டு கழித்தும், இத்தாலியர் 2.4 ஆண்டு கழித்தும் லெவோடோபா தொடங்கியவர்கள். மருந்துக்கு ஆயுள் எல்லை உண்டெனில், பிந்தித் தொடங்கிய கானாவினர்க்கு அந்த ஏற்ற இறக்கமும் நெளிவும் பிந்தியே வந்திருக்கவேண்டும். அவ்வாறு வரவில்லை. நோய் தோன்றி ஏறத்தாழ அதே ஆண்டில் இரு நாட்டினர்க்கும் அவை வந்தன. காத்திருந்தவர் சேமித்தது ஒன்றுமில்லை.

நெதர்லாந்தில் 445 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு முதலிலேயே லெவோடோபாவும், மற்றவர்க்கு 40 வாரம் வெறும் மாத்திரையும் பின்னர் லெவோடோபாவும் கொடுத்தனர். 80ஆம் வாரத்தில் இரு சாராரின் நிலையும் ஒன்றாகவே இருந்தது. 2019இல் வந்த முடிபு இது. முன்னே தொடங்கியதால் நோய் தணியவுமில்லை. மருந்து நரம்பைக் கெடுக்கவுமில்லை. முதற்கூற்றினர் அந்த 40 வாரமும் இலகுவாக நடமாடினர், அவ்வளவே வேறுபாடு.

அப்படியானால் மருந்தின் பயன் ஏன் குறுகுகிறது? ஏரியை நினைத்துக்கொள்ளலாம். கரை வலுவாயிருந்தால் ஒரு மழை பெய்த நீர் மாதக்கணக்கில் வயலுக்குப் பாயும். கரை உடைந்துபோனால் மழை பெய்யும்வரையே வாய்க்காலில் நீர். எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் மருந்தை வாங்கித் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. நோய் முற்ற அவை அழிகின்றன, தேக்குவார் இல்லை. மழையை நிறுத்திவைப்பதால் கரை உடையாமல் இருந்துவிடாது. மாத்திரையின் அளவு மிகுந்தால் நெளிவு மிகுதியாகும் என்பது மட்டும் மெய். 2004இல் வந்த ஓர் ஆய்வும் அதையே காட்டிற்று. இளவயதில் நோய் கண்டோர்க்கு நெளிவு எளிதில் வருமாதலின், அவர்க்கு வேறு மருந்தை முதலில் கொடுப்பாரும் உளர். அது மருத்துவர் நிதானித்துச் செய்யவேண்டியது. எல்லார்க்கும் ஒரே விதியன்று.

நம் இல்லங்களில் இம்மருந்து படும் பாட்டையும் சொல்லிவிடுவோம். இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதம் குடலிலும் மூளை வாயிலிலும் லெவோடோபாவோடு போட்டியிடும். ஆகவே உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக மாத்திரை உண்ணவேண்டும். கல்யாண வீட்டு பிரியாணிக்குப் பின் அத்தாவின் கால் நகரவில்லை என்று கவலையுறுவோர் முதலில் கடிகாரத்தைப் பார்க்கட்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின் ஆகியவை ரெசர்பின் செய்ததையே சிறிதளவில் செய்யும். வேறு மருத்துவரிடம் செல்கையில் நோயின் பெயரைச் சொல்லவேண்டும். பூனைக்காலி விதையைப் பொடித்து உண்ணலாமே என்று கேட்கும் அன்பர் பலர். 2004இல் இலண்டனில் எட்டு நோயாளரிடம் சோதித்தபோது அப்பொடி மாத்திரையைவிட விரைந்து வேலை செய்தது உண்மைதான். ஆனால் கடைப்பொடியில் எவ்வளவு லெவோடோபா உண்டென்பதற்கு உறுதியில்லை. மாத்திரையோடு அதையும் சேர்த்து உண்டால் அளவு மீறும்.

ரமளானில் நிகழ்வது இவை எல்லாவற்றிலும் கவலைக்குரியது. குருதியில் லெவோடோபாவின் அளவு ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஸஹர் முதல் இஃப்தார் வரை ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். முற்றிய நோயாளர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் கட்டையாக விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, நினைவிழந்து உயிருக்கே கேடு வரலாம். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு அளித்த சலுகையை நாம் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம்; மீளாத நோயுடையார்க்கு ஃபித்யா உண்டெனவும் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டுப் பெரியவரிடம் அதனைச் சொல்லத்தான் நமக்கு நா எழுவதில்லை. அவர் பிடிவாதம் பிடித்தால், ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நாம் செய்யக்கூடியது.

நம் ஹஜ்ரத் 2002ஆம் ஆண்டின் கடைசியில் லெவோடோபா தொடங்கினார். அதற்குள் பாடம் நடத்துவதை விட்டு இரண்டாண்டு ஆகியிருந்தது. அந்த நான்காண்டில் கிதாபின் ஏட்டைப் புரட்டப் பேரப்பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருக்கவேண்டியிருந்தது. மருந்து தொடங்கிய மூன்றாம் வாரம் நாம் பார்க்கச் சென்றபோது, திண்ணையில் தனியே அமர்ந்து கிதாபைத் தாமே புரட்டிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்! மாணவர் ஐந்தாறு பேர் வீட்டுக்கே வந்து ஓதத் தொடங்கினர். பின்னாளில் நெளிவும் வந்தது, பூட்டிக்கொள்ளும் வேளைகளும் வந்தன. 2011இல் அவர் மறையும்வரை ஒருநாளும் மருந்து முற்றிலும் கைவிட்டதில்லை.

அவருடைய குறிப்பேடு ஒன்றை அவர் மகனார் நம்மிடம் தந்தார். அல்ஃபிய்யா பாடத்துக்கு அவர் எழுதிவந்த விளக்கம் அது. 1997இல் எழுத்து சிறுக்கிறது. 1999இல் கண்ணாடி வைத்தே படிக்கவேண்டும். அதன்பின் வெற்றுத் தாள்கள் நிற்கின்றன. அவற்றைப் புரட்டிச் சென்றால் 2003ஆம் ஆண்டு முஹர்ரம் எனத் தேதியிட்ட பக்கம் வருகிறது. அங்கே பாடம் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. வரி சற்றே கோணலாயினும், ‘அலிஃப்’ நிமிர்ந்து நிற்கிறது.